இரண்டு குழுக்களின் மூளைப் படங்களை ஒப்பிட எதை எடுப்பது? எஃப்எஸ்எல் ரேண்டமைஸ் – விரிவான விமர்சனம்

நோயாளிகள் ஒரு பக்கம், ஆரோக்கியமானவர்கள் இன்னொரு பக்கம், எம்ஆர்ஐ ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று, இப்போது எந்த மென்பொருளில் எந்த மாடலைப் போட்டு ஒப்பிடுவது? பிஎச்டி தொடங்கும் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி இது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு ஒரு படம், இரண்டு குழு, எண்ணிக்கையும் ஓரளவு சமம் என்றால் மூளைப் படங்களை ஆராயும் எஃப்எஸ்எல் மென்பொருள் தொகுப்பில் இருக்கும் ரேண்டமைஸ் கருவி போதும், வேறு எதையும் தேடி அலைய வேண்டாம். குழுக்களின் அளவும் சிதறலும் ரொம்ப வேறுபட்டால் பால்ம் என்கிற கருவி. ஒரே ஆளைப் பல தடவை ஸ்கேன் செய்திருக்கிறீர்கள், அதிலும் சிலர் நடுவில் வராமல் போய்விட்டார்கள் என்றால் ஆஃப்னி என்கிற இன்னொரு தொகுப்பின் பக்கம் போங்கள். ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எஃப்எஸ்எல் ஆக்ஸ்ஃபோர்டில் உருவானது, முதல் வெளியீடு 2000-இல். இதே வேலைக்கான இன்னொரு தொகுப்பான எஸ்பிஎம் லண்டனில் கார்ல் ஃபிரிஸ்டன் தொடங்கியது, 90-களின் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. ஆஃப்னியை ராபர்ட் காக்ஸ் 1994 வாக்கில் விஸ்கான்சினில் எழுதத் தொடங்கி, பிறகு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துக்கு எடுத்துப்போனார். மூன்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே ஜெனரல் லீனியர் மாடல்தான் (சுருக்கமாக ஜிஎல்எம், குழு, வயது போன்றவற்றின் பங்கை நேர்கோட்டுக் கணக்காகப் போடுவது). மூளையை லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்களாக, அதாவது வோக்ஸல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அதே கணக்கைப் போடுகிறார்கள். சராசரி வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதில் பெரிய சண்டை இல்லை. அந்த வித்தியாசம் தற்செயலாக வந்ததா இல்லையா என்று எப்படித் தீர்ப்பது என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

ரேண்டமைஸ் அதை எப்படித் தீர்க்கிறது என்றால், யார் நோயாளி யார் ஆரோக்கியமானவர் என்கிற சீட்டுகளைக் கலைத்துப் போட்டுப் போட்டு, ஒவ்வொரு தடவையும் மூளை முழுவதும் கணக்கை மறுபடி செய்து, மிகப் பெரிய மதிப்பைக் குறித்துக்கொள்கிறது. பல ஆயிரம் தடவை இப்படிச் செய்த பிறகு உங்கள் உண்மையான முடிவு அந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறது. படத்தின் வழவழப்பு எப்படி இருக்கும், பிழை மணி வடிவத்தில் பரவுமா என்றெல்லாம் எந்த அனுமானமும் தேவையில்லை. ஒன்றே ஒன்று தேவை: குழுக்களுக்குள் வித்தியாசம் இல்லை என்றால் இந்தச் சீட்டுகளை மாற்றிப் போடுவதில் தப்பில்லை என்று நீங்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடிய வேண்டும். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தால் மாடல் தேர்வில் முக்கால்வாசி வேலை முடிந்தது என்பேன்.

இந்த முறையை நம்பக் காரணம் இருக்கிறது. 2016-இல் எக்லண்ட், நிக்கல்ஸ், நுட்சன் ஆகிய மூவரும் பிஎன்ஏஎஸ் இதழில் ஒரு கட்டுரை போட்டார்கள். 499 ஆரோக்கியமானவர்களின் ஓய்வுநிலை ஸ்கேன்களை எடுத்து, அவர்களையே கலைத்துக் கலைத்துக் குழுக்களாக்கி, ஏறத்தாழ 30 லட்சம் குழு ஆய்வுகளை ஓட்டினார்கள். எல்லோரும் ஆரோக்கியமானவர்கள், எனவே குழுக்களுக்கிடையில் வித்தியாசம் எதுவும் தெரியக் கூடாது. நூற்றுக்கு ஐந்து தடவை தற்செயலாக வரலாம், அவ்வளவுதான். ஆனால் எஸ்பிஎம், எஃப்எஸ்எல், ஆஃப்னி மூன்றிலும் வழக்கமாகப் பயன்படுத்தும் கிளஸ்டர் முறையில், அதாவது ஒட்டியிருக்கும் வோக்ஸல்களைக் கூட்டமாக எடுத்துச் சோதிப்பதில், சில அமைப்புகளில் நூற்றுக்கு எழுபது வரை பொய்யான கண்டுபிடிப்பு வந்தது. கிளஸ்டரைப் பிரித்தெடுக்கும் பி மதிப்பு (வித்தியாசமே இல்லாதபோதும் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) வரம்பை 0.01 என்று தளர்வாக வைத்தால் படுமோசம், 0.001 என்று இறுக்கினால் நிலைமை தேவலாம். இரண்டு குழு ஒப்பீட்டில் பெர்ம்யூட்டேஷன், அதாவது மேலே சொன்ன சீட்டுக் கலைக்கும் முறை மட்டும் ஐந்தை ஒட்டியே நின்றது. 40,000 கட்டுரைகள் சந்தேகத்துக்குரியவை என்று அப்போது செய்திகளில் வந்த எண்ணை அவர்களே பிறகு திருத்தினார்கள், அதை இன்னும் சிலர் மேற்கோள் காட்டுவதால் சொல்கிறேன். அதற்குப் பிறகு எஃப்எஸ்எல்லின் ஃபீட் கருவியிலும் இயல்பு வரம்பு இசட் மதிப்பில் 2.3-லிருந்து 3.1-க்கு, அதாவது ஏறத்தாழ 0.01-லிருந்து 0.001-க்கு இறுகியது. ஃபீட் மூலம் ஃப்ளேம் என்கிற குழு ஒப்பீட்டு மாடலை ஓட்டுகிறவர்கள் பழைய ஸ்கிரிப்டில் 2.3 இருந்தால் முதல் வேலையாக மாற்றுங்கள்.

கூடவே டிஎஃப்சிஇ என்று ஒரு வசதி, 2009-இல் ஸ்மித்தும் நிக்கல்ஸும் கொடுத்தது. கிளஸ்டர் வரம்பு எவ்வளவு என்று நீங்கள் கையால் தேர்ந்தெடுக்கவே வேண்டாம், எல்லா உயரத்திலும் பார்த்து உயரத்தையும் பரப்பையும் சேர்த்து ஒரு மதிப்பு தருகிறது. ரேண்டமைஸில் ஒரு பெரிய டி எழுத்தைச் சேர்த்தால் போதும். டிபிஎஸ்எஸ் மாதிரி, மூளையின் வெள்ளைப்பொருள் பாதைகளின் நடுக்கோட்டை மட்டும் எடுத்த எலும்புக்கூட்டில் வேலை செய்தால் இரு பரிமாண வகையைக் கேட்க வேண்டும், அது தனி ஆப்ஷன்.

சரி, கையில் எடுத்தால் எப்படி இருக்கிறது? இரண்டு குழு ஒப்பீட்டுக்கு 'டிசைன் டிடெஸ்ட்2' என்று ஒரு குட்டிக் கட்டளை இருக்கிறது. கோப்புப் பெயர், முதல் குழுவில் எத்தனை பேர், இரண்டாம் குழுவில் எத்தனை பேர், இவ்வளவு கொடுத்தால் டிசைன் மேட்ரிக்ஸும் (ஆளுக்கு ஒரு வரி, குழுவுக்கு ஒரு பத்தி கொண்ட எண் அட்டவணை) கான்ட்ராஸ்டும் (எதிலிருந்து எதைக் கழிப்பது என்று சொல்வது) தயார். அழகான வேலை. ஆனால் அது மேலே முதல் குழு, கீழே இரண்டாம் குழு என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறது. உங்கள் படங்கள் அகர வரிசையில் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். நோயாளி எண்ணும் ஆரோக்கியமானவர் எண்ணும் கலந்து கிடந்தால் மேட்ரிக்ஸின் வரிசை ஒன்று, படங்களின் வரிசை வேறு. எந்த எச்சரிக்கையும் வராது, அழகாக ஓடி முடிந்து ஒரு முடிவும் வரும். டிபிஎஸ்எஸ் வழிகாட்டியிலேயே கோப்புப் பெயர்களுக்கு முன்னால் குழுவின் சுருக்கத்தைச் சேர்க்கச் சொல்லியிருப்பது இதனால்தான். எல்லோர் படங்களும் அடுக்கிய நான்கு பரிமாணக் கோப்பை எஃப்எஸ்எல்லின் படம் பார்க்கும் கருவியான எஃப்எஸ்எல்ஐஸில் திறந்து, முதல் சில படங்கள் யாருடையவை என்று கண்ணால் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

எஃப்எஸ்எல்லின் ஜிஎல்எம் ஜன்னலில் கையாலேயே மேட்ரிக்ஸ் போடுகிறவர்கள் இரண்டு குழுவுக்கு இரண்டு பத்தி போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் எல்லாம் ஒன்று என்று மூன்றாவதாக ஒரு பத்தியும் சேர்ப்பார்கள். இரண்டு குழுப் பத்திகளின் கூட்டலே அந்த மூன்றாவது பத்தி. ஒரு பத்தி மற்றவற்றின் கூட்டலாக இருக்கிறது என்று எச்சரிக்கை வரும். அதைத் தள்ளிவிட்டு மேலே போகாதீர்கள், ஒன்றை எடுத்துவிடுங்கள்.

முடிவைப் படிப்பதில் இரண்டு விஷயம். பெயரில் 'கார்ப்பி' என்று வரும் படத்தில் இருப்பது பி மதிப்பு இல்லை, ஒன்றிலிருந்து அதைக் கழித்தது. ஆகவே 0.95-க்கு மேல் ஒளிர்வதைத்தான் பார்க்க வேண்டும். 0.05-க்குக் கீழே தேடினால் மூளை முழுக்க முக்கியத்துவம் வாய்ந்ததாகத் தெரியும். இரண்டாவது இதைவிட முக்கியம், கட்டுரைகளில் நிறைய விடுபடுகிறது: ரேண்டமைஸின் ஒவ்வொரு டி கான்ட்ராஸ்டும் ஒருபக்கச் சோதனை. நோயாளி கழித்தல் ஆரோக்கியமானவர் என்று ஒன்று, தலைகீழாக இன்னொன்று, இரண்டையும் பார்த்து இரண்டிலும் 0.95 வைத்தால் உங்கள் உண்மையான பிழை அளவு 5 இல்லை, 10 சதவீதம். எந்தப் பக்கம் வித்தியாசம் வரும் என்று முன்கூட்டியே உறுதியாகத் தெரியாத எல்லா ஆய்விலும் 0.975 வையுங்கள். மனம் கஷ்டப்படும், பாதி ஒளி அணைந்துபோகும், ஆனாலும் அதுதான் சரி.

எத்தனை தடவை கலைப்பது? 5000 என்பது வழக்கம், இயல்பு எண்ணும் அதுதான். அந்த எண்ணிக்கையில் 0.05 என்று வரும் பி மதிப்பில் சுமார் 0.006 முன்பின் ஆட்டம் இருக்கும், 1000 தடவை என்றால் 0.014. எல்லைக்கோட்டில் நிற்கும் முடிவாக இருந்தால் 10,000 போடுங்கள். ஆட்கள் ரொம்பக் குறைவாக இருந்தால் வேறு சங்கடம். 10 பேர், 10 பேர் என்றால் 1,84,756 விதமாகக் கலைக்கலாம், கவலையில்லை. 5 பேர், 5 பேர் என்றால் 252 விதம்தான். 3 பேர், 3 பேர் என்றால் வெறும் 20. கிடைக்கக்கூடிய மிகச் சிறிய பி மதிப்பே 0.05. அங்கே 0.975 வரம்பைத் தொடவே முடியாது. மென்பொருளின் குறை இல்லை அது, அவ்வளவு குறைந்த ஆட்களை வைத்து அதற்கு மேல் எதையும் சொல்ல முடியாது.

இனி ரேண்டமைஸ் தடுக்கி விழும் இடம். குழுக்களின் எண்ணிக்கை சமமில்லாமல், சிறிய குழுவில் சிதறலும் அதிகமாக இருந்தால் சீட்டை மாற்றிப் போடலாம் என்கிற அடிப்படையே ஆட்டம் காண்கிறது. மருத்துவமனை ஆய்வுகளில் இதுதான் சகஜம்: அரிய நோய் என்பதால் நோயாளிகள் கொஞ்சம் பேர், நோயின் கட்டம் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் அவர்கள் மூளையும் ஒன்றுபோல் இருக்காது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆரோக்கியமானவர்கள் 40 பேர், சிதறல் (திட்டவிலக்கம்) 1. நோயாளிகள் 12 பேர், சிதறல் 2. வித்தியாசத்தின் உண்மையான திட்டப்பிழை சுமார் 0.60. இரண்டு குழுவையும் ஒன்றாக்கிக் கணக்கிடும் சாதாரண டி-டெஸ்ட் அதை 0.42 என்று நினைத்துக்கொள்கிறது. ஆகவே டி மதிப்பு 40 சதவீதம் ஊதிப்போகிறது. ஐந்து சதவீதம் என்று நீங்கள் நம்பும் பிழை மூன்று மடங்கைத் தாண்டிவிடுகிறது. சாதாரண டி-யை வைத்துக் கலைத்தாலும் இதே கதிதான், கலைப்பதால் மட்டும் இது சரியாகாது. சிதறல் அதிகமுள்ள குழு பெரிய குழுவாக இருந்தால் எதிர்ப்பக்கம் போகும், இருக்கிற வித்தியாசமே கண்ணில் படாது.

இதற்குத்தான் பால்ம். ஆண்டர்சன் விங்க்லர் எழுதியது, மேட்லேபிலும் இலவசமான ஆக்டேவிலும் ஓடும். குழுவுக்குக் குழு சிதறல் வேறு என்று சொல்லிவிட்டால் அதற்கேற்ற புள்ளியியலை எடுத்துக்கொண்டு கலைக்கிறது. கட்டளை வடிவம் ரேண்டமைஸைப் போலவேதான், அதே டிசைன் கோப்புகளைக் கொடுக்கலாம், பழகியவருக்கு அரை மணி நேரம் போதும். அப்புறம் ஒரு பெரிய சௌகரியம்: முழுதாக ஆயிரக்கணக்கில் கலைக்காமல் சில நூறு தடவை மட்டும் கலைத்து, வால்பகுதியை ஒரு வளைகோட்டால் பொருத்தி நல்ல மதிப்பீடு தரும் குறுக்குவழியும் அதில் உண்டு. ரேண்டமைஸ் ஒரு நேரத்தில் ஒரே கோரில் ஓடுவதால் பெரிய தரவுக்கு இரவு முழுக்கக் காத்திருக்க நேரும், அவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

எஸ்பிஎம்-ஐயும் இந்த இடத்தில் பாராட்ட வேண்டும். அதன் இரண்டு குழு டி-டெஸ்டில் சிதறல் சமமில்லை என்பதுதான் இயல்பு அமைப்பு. எதையும் தொடாமல் ஓட்டுகிற புதியவருக்கு இது பாதுகாப்பு. ஆனால் அந்தச் சமமின்மையின் விகிதம் மூளை முழுக்க ஒன்றே என்று எடுத்துக்கொள்கிறது, ஒரு பகுதியில் நோயாளிகள் சிதறி இன்னொரு பகுதியில் சிதறாமல் இருந்தால் அது பிடிக்காது. ஃப்ளேமிலும் குழுவுக்குத் தனித்தனிச் சிதறல் கேட்கலாம், ஆனால் அப்போது டிசைனின் ஒவ்வொரு பத்தியும் ஏதாவது ஒரு குழுவுக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும், வயதைப் பொதுவான ஒரே பத்தியாகப் போட்டால் நடக்காது. இதைத் தவிர ஃப்ளேமின் பலம் என்னவென்றால், மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐயில் ஒவ்வொரு ஆளின் அளவீடு எவ்வளவு நம்பகமானது என்பதையும் மேலே எடுத்துவந்து எடைபோடும். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தவரின் படத்துக்கு எடை குறையும். அமைப்புப் படங்களில், அதாவது விபிஎம் (வோக்ஸல் வாரியாகத் திசுவின் அளவை ஒப்பிடுவது), டிபிஎஸ்எஸ் வகையில், அப்படி ஒரு தகவலே இல்லை, அங்கே ஃப்ளேமுக்கு வேலையும் இல்லை.

வயது, பாலினம், மண்டையோட்டின் மொத்தக் கொள்ளளவு ஆகியவற்றைச் சேர்ப்பது பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அதிகம் குழப்பம் நடப்பது இங்கேதான். வயதை ஒரு பத்தியாகச் சேர்க்கும்போது எல்லோருக்கும் பொதுவான சராசரியைக் கழியுங்கள். குழுவுக்குக் குழு தனிச் சராசரியைக் கழித்தால், வயதைச் சரிக்கட்டிய மாதிரி தோன்றும், உண்மையில் குழுக்களுக்கிடையிலான வயது வித்தியாசம் சரிக்கட்டப்படாமல் அப்படியே முடிவில் உட்கார்ந்திருக்கும். இரண்டு குழுவிலும் வயதின் சாய்வு வேறாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் குழுவுக்கு ஒரு வயதுப் பத்தி போட்டு, முதலில் சாய்வுகள் வேறுபடுகின்றனவா என்று பாருங்கள். வேறுபட்டால் 'குழு வித்தியாசம் எவ்வளவு' என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது, எந்த வயதில் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஃப்ரீசர்ஃபர் என்கிற இன்னொரு மென்பொருள் மட்டும் இந்தத் தேர்வை முகத்துக்கு நேரே கேட்கிறது, சாய்வு ஒன்றா வேறா என்று நீங்களே அதற்குச் சொல்ல வேண்டும். நல்ல பழக்கம் அது, மற்றவையும் கேட்டால் தேவலை.

நோயாளிகளின் சராசரி வயது 62, ஆரோக்கியமானவர்களுடையது 48 என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதைச் சேர்த்துவிட்டோம், சரியாகிவிட்டது என்று எழுதினால் அதை நான் ஏற்கமாட்டேன். நடுவில் இரண்டு குழுவிலும் ஆள் குறைவான, சில சமயம் ஆளே இல்லாத ஒரு வயதில் வைத்து மாடல் ஒப்பிட்டுச் சொல்கிறது, அது தரவு சொல்வதில்லை, நேர்கோடு சொல்வது. இதை மில்லரும் சாப்மனும் 2001-லேயே விளக்கமாக எழுதிவிட்டார்கள். ஆட்களைச் சேர்க்கும்போதே வயது பொருந்தும்படி பார்த்துச் சேர்ப்பதற்கு எந்த மென்பொருளும் மாற்று ஆகாது.

பல மையங்களின் தரவிலும் இதே மாதிரிதான். ஆட்டிசம் ஆய்வுக்காக 2012-இல் பொதுவெளியில் வந்த அபைட் தொகுப்பில் 17 மையங்கள், 1112 பேர், அதில் 539 பேர் ஆட்டிசம் உள்ளவர்கள், 573 பேர் இல்லாதவர்கள். ஒவ்வொரு மையத்திலும் இயந்திரம் வேறு, அமைப்பு வேறு. மையத்துக்கு ஒரு பத்தி சேர்ப்பது ஒரு பங்கு வேலைதான். ரேண்டமைஸிடம் ஒரு மையத்துக்குள் மட்டுமே சீட்டைக் கலைக்கும்படி தொகுதிக் கோப்பும் கொடுக்க வேண்டும். இதைச் சுலபமாகச் செய்ய விடுவது ரேண்டமைஸின் பெரிய பலம். காம்பேட் மாதிரி, மையங்களுக்கிடையிலான வேறுபாட்டைச் சமன்படுத்தும் முறையை முதலில் ஓட்டிவிட்டு வரலாம், ஆனால் ஒரு மையத்தில் நோயாளிகள் மட்டும் இருந்தால் மையத்தையும் நோயையும் எதனாலும் பிரிக்க முடியாது.

ஒரே ஆளை இரண்டு தடவை ஸ்கேன் செய்த ஆய்வு, உதாரணமாக சிகிச்சைக்கு முன், பின். எஸ்பிஎம்-இல் இதற்கு ஃப்ளெக்ஸிபிள் ஃபாக்டோரியல் என்று ஒரு டிசைன் இருக்கிறது, வலைப்பாடங்கள் பலவும் அதைத்தான் காட்டும். அதில் பிழைக்கு ஒரே ஓர் அளவுதான். ஆளுக்குள் நடக்கும் மாற்றத்துக்கு அது பொருந்தும், குழுவுக்கும் குழுவுக்கும் உள்ள மொத்த வித்தியாசத்துக்குப் பொருந்தாது. ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாடு பிழையில் சேராததால் பி மதிப்பு பொய்யாகச் சின்னதாகிவிடும். இதிலிருந்து தப்பிக்க எளிய வழி: ஆளுக்கு ஆள் பின் படத்திலிருந்து முன் படத்தைக் கழித்து, அந்தக் கழித்த படங்களை மட்டும் இரண்டு குழு ஒப்பீட்டில் போடுங்கள். சிகிச்சை ஒரு குழுவில் அதிகம் மாற்றியதா என்ற கேள்விக்கு அதுவேதான் பதில். மொத்த வித்தியாசம் வேண்டுமென்றால் இரண்டின் சராசரிப் படத்தை எடுத்து அதே மாதிரி ஒப்பிடுங்கள். ரேண்டமைஸே போதும், புதிதாக எதுவும் கற்க வேண்டாம்.

மூன்று, நான்கு வருகைகள், வருகைகளுக்கிடையில் இடைவெளியும் ஆளுக்கு ஆள் வேறு, சிலர் நடுவில் நின்றுவிட்டார்கள் என்றால் கழித்தல் உதவாது. அங்கே ஆஃப்னியின் 3டிஎல்எம்இஆர் கட்டளை. உள்ளே ஆர் மொழி ஓடுகிறது, அதை முதலில் நிறுவ வேண்டும், வேகமும் குறைவு. ஆனால் மாடலை ஒரே வரியில் எழுதலாம், வராதவர்களைத் தூக்கி எறிய வேண்டாம். தரவை அட்டவணையாகக் கேட்கும்: ஆளின் எண், குழு, வருகை, வயது, படத்தின் பெயர், ஒரு வரிக்கு ஒரு ஸ்கேன். யார் எந்தக் குழுவில் என்பது படத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, வரிசை மாறிப்போகும் பயமே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் ஆஃப்னி எஃப்எஸ்எல்லை அடித்துவிடுகிறது. பிறகு கிளஸ்டர் திருத்தத்தைத் தனியாகச் செய்ய வேண்டியிருக்கும். அதற்கான 3டிகிளஸ்ட்சிம் கருவியில் நீண்ட காலமாக இருந்த ஒரு பிழை 2015-இல் திருத்தப்பட்டது, எனவே பழைய பதிப்பு ஆய்வகக் கணினியில் கிடந்தால் புதுப்பித்துவிட்டு ஓட்டுங்கள், படத்தின் வழவழப்பைக் கணக்கிட ஏசிஎஃப் என்கிற முறையையே கொடுங்கள். மேட்லேப் வீட்டைவிட்டு வெளியே வர மனமில்லாதவர்களுக்கு எஸ்பிஎம்-க்கான எஸ்டபிள்யூஇ என்கிற சாண்ட்விச் எஸ்டிமேட்டர் கருவியும் இதே வேலையை நன்றாகச் செய்யும்.

விலை விவரம்: எஃப்எஸ்எல் ஆராய்ச்சிக்கு இலவசம், வணிகப் பயன்பாட்டுக்குத் தனி உரிமம். லினக்ஸிலும் மேக்கிலும் நேரடியாக ஓடும், விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் வழியாக. எஸ்பிஎம்-உம் ஆஃப்னியும் இலவசம், எஸ்பிஎம்-ஐ வழக்கமான முறையில் ஓட்ட மேட்லேப் உரிமம் வேண்டும். பணமில்லாத துறையில் இருக்கிறவர்கள் எஃப்எஸ்எல், ஆக்டேவில் பால்ம், ஆஃப்னி என்று போனால் ஒரு ரூபாய் செலவில்லாமல் மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்யலாம்.

கடைசியாக, மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு எது அழகாக ஒளிர்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2020-இல் நேச்சரில் வந்த நார்ப்ஸ் ஆய்வில் 108 பேரின் ஒரே தரவை 70 அணிகளிடம் கொடுத்து, அதே ஒன்பது கருதுகோள்களைச் சோதிக்கச் சொன்னார்கள். எந்த இரண்டு அணியும் ஒரே வழியில் போகவில்லை, பல கருதுகோள்களில் ஆம் இல்லை என்ற முடிவும் பிரிந்தது. ஆகவே படங்களைத் திறப்பதற்கு முன்பே மாடல், கோவேரியேட்டுகள் (வயது, பாலினம் மாதிரிச் சேர்ப்பவை), எந்தச் சராசரியைக் கழிப்பது, ஒருபக்கமா இருபக்கமா, எத்தனை தடவை கலைப்பது, எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, கைடிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள் அல்லது ஆய்வுத் திட்டத்தை முன்பதிவு செய்யும் ஓஎஸ்எஃப் தளத்தில் பதிந்துவிடுங்கள். முடிவு வந்தபின் வரம்பு தாண்டிய படத்தோடு நிற்காமல், வெட்டப்படாத முழு டி படத்தையும் மூளை முடிவுப் படங்களைப் பகிரும் நியூரோவால்ட் தளத்தில் ஏற்றுங்கள். நார்ப்ஸில் முடிவுகள் பிரிந்த இடங்களில்கூட அந்த முழுப் படங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயிருந்தன.